ஒட்டுக்கேட்டால் காட்டிக்கொடுக்கும் ஒளி

பிடோக்கில் என் வீவக வீட்டுச் சுவரில் சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று உண்டு. கண்ணாடியிழை இணையம் உள்ளே நுழையும் இடம் அது. வங்கிக் கணக்கு, சிங்பாஸ், அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவு என எல்லாம் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. பூட்டுப் போட்டுத்தான் போகின்றன. ஆனால், அந்தப் பூட்டுகளில் சிலவற்றை ஆற்றல்மிக்க குவாண்டம் கணினி ஒருநாள் உடைத்துவிடலாம். அதை எதிர்பார்த்து இன்றே தரவைத் திருடிச் சேமித்துவைக்க முடியும். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், அம்மாவின் நோய்க் குறிப்பை எப்படி மாற்றுவது?

இதற்கு ஒரு வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007ல் தொடங்கப்பட்ட குவாண்டம் தொழில்நுட்ப நிலையம் சோதித்து வருகிறது. அதன் முதல் இயக்குநர் ஆர்ட்டர் எக்கர்ட், 1991லேயே சொன்ன யோசனை இது. பின்னிப் பிணைந்த இரண்டு ஒளித்துகள்களை உருவாக்கி, ஆளுக்கொன்றாக இருவருக்கு அனுப்ப வேண்டும். இருவரும் அளந்தால் விடைகள் தற்செயலாகத்தான் வரும். ஆனாலும் ஒன்றோடொன்று பொருந்தும். அந்த எண்களே ரகசியச் சாவி. நடுவில் எவராவது கைவைத்தால் பொருத்தம் கெடும். சில எண்களை ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். செய்தி வழக்கம்போல் இணையத்தில் போகும். அதைப் பூட்டும் சாவி மட்டும் இப்படி உருவாகிறது.

ஆய்வுக்கூட மேசையில் நடப்பது வேறு, தெருவுக்கு அடியில் நடப்பது வேறு. 2020ல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே பதித்திருந்த 10 கிலோமீட்டர் தொலைத்தொடர்பு இழையில் ஒரு துகளை அனுப்பி, அதன் ஜோடியை அனுப்பிய இடத்திலேயே அளந்தார்கள். இழைக்குள் ஒளியின் அதிர்வுத் திசை மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். அதைத் திரவப் படிகக் கருவிகளால் ஓயாமல் சரிசெய்ய வேண்டியிருந்தது. கிடைத்த சாவி, வினாடிக்குச் சுமார் 109 பிட். எங்கள் வானொலியின் இணைய ஒலிபரப்புக்கு இதைப்போல் பல நூறு மடங்கு வேண்டும்! ஆனால் சாவி சிறியதாக இருந்தால் போதும்.

தூரம்தான் பெரிய தலைவலி. வானொலி அலை வலுவிழந்தால் வழியில் பெருக்கி அனுப்புவோம். ஒற்றை ஒளித்துகளை அப்படி நகலெடுக்க இயற்கை விடாது. திருடனைத் தடுப்பதும் அதே விதிதான். நல்ல இழையிலும் 50 கிலோமீட்டரில் பத்தில் ஒரு துகளும், 100 கிலோமீட்டரில் நூறில் ஒன்றும்தான் மிஞ்சும். தீவுக்குள் சமாளிக்கலாம், சென்னைக்கு எப்படி?

அதனால் வானத்தையும் முயன்று பார்த்தார்கள். அலெக்சாண்டர் லிங் குழுவின் ‘ஸ்பூக்கி-1’ செயற்கைக்கோள் காலணிப் பெட்டி அளவுதான். 2019 ஜூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. பின்னிய ஒளித்துகள்களைச் சுற்றுப்பாதையிலேயே உருவாக்கி, தனக்குள்ளேயே அளந்து பார்த்தது. அவற்றைத் தரைக்கு அனுப்பும் வேலை அடுத்து வரும் செயற்கைக்கோள்களுக்கு.