அகர வரிசையில் பிறந்த ஊர்கள்

ஓர் ஊர் எவ்வாறு தோன்றுகிறது? ஆற்றங்கரையிலே சில குடும்பங்கள் தங்குகின்றன. வயல் உண்டாகிறது, சந்தை கூடுகிறது, வழிபாட்டிடம் எழுகிறது. பல தலைமுறைகள் கழிந்தபின் ஒரு பெயர் நிலைபெறுகிறது. நாம் பெரும்பாலும் அறிந்த முறை இதுவே. அமெரிக்க நாட்டின் நடுமேற்குச் சமவெளியிலே பல இடங்களில் இம்முறை தலைகீழாயிற்று. அங்கே முதலில் கோடு வந்தது. அடுத்து இருப்புப்பாதையும் ஊர்ப்பெயரும் வந்தன. மக்கள் அதன்பின் வந்தனர். இவ்விந்தையையும், அவ்வாறு தோன்றிய ஊர்கள் சில மறைந்த வரலாற்றையும் மாணவ நண்பர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறேன்.

1785-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நிலச் சட்டமே இதற்குத் தோற்றுவாய். அதன்படி நிலம் முழுவதும், பக்கத்துக்கு 6 மைல் அளவுள்ள சதுரங்களாக அளக்கப்பட்டது. அச்சதுரத்துக்கு டவுன்ஷிப் என்று பெயர். ஒவ்வொரு டவுன்ஷிப்பும் 640 ஏக்கர் கொண்ட 36 பிரிவுகளாக வகுக்கப்பட்டது. 16-ஆம் பிரிவு பள்ளிக்கூடத்தின் பொருட்டு ஒதுக்கப்பட்டது. குடியேறுவோர் வருமுன்னரே கல்விக்கு நிலம் ஒதுக்கிய அந்த முன்யோசனை பாராட்டத்தக்கதே.

ஆயினும் அக்கோடுகள் வெற்று நிலத்தின்மீது வரையப்பட்டவை அல்ல. இன்றைய நெப்ராஸ்கா மாநிலத்திலே பிளாட் ஆற்றை அடுத்த பகுதிகளில் பானி என்னும் பழங்குடியினர் மண்வீடுகள் கட்டி, மக்காச்சோளம் பயிரிட்டு, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்து வந்தனர். 1833-இல் அவர்கள் பிளாட் ஆற்றின் தென்புற நிலத்தை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. 1870-களின் நடுவிலே எஞ்சிய நிலத்தையும் துறந்து, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்குப் பெயர்ந்தனர். மறைந்த ஊர்களைப் பற்றிப் பேசும்போது, முதலில் மறைந்தவை இம்மக்களின் ஊர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், 5 ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்வோர்க்கு 160 ஏக்கர் வரை நிலம் அளிக்க முன்வந்தது. மரம் அரிதான அச்சமவெளியிலே, வந்தவர்கள் புல்வேரோடு மண்ணைக் கட்டிகளாக வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினர். நிலம் கிடைத்தது, விளைச்சலும் கிடைத்தது. ஆனால் விளைந்த தானியத்தைத் தொலைவிலுள்ள நகரங்களுக்கு எவ்வாறு அனுப்புவது? இருப்புப்பாதை இன்றி வாழ்வில்லை என்ற நிலை ஏற்பட்டது.

பாதை போடும் கம்பெனிகளுக்கு அரசாங்கம் நிலத்தையே மானியமாக வழங்கியது. சதுரங்கப் பலகையிலே ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் எடுப்பதுபோல, ஒற்றைப்படை எண்ணுள்ள பிரிவுகள் கம்பெனிக்கு உரியவாயின. பர்லிங்டன்-மிசௌரி ஆற்று இருப்புப்பாதைக் கம்பெனி நெப்ராஸ்காவில் இவ்வாறு பெற்றது ஏறக்குறைய 24 லட்சம் ஏக்கர். நிலத்தை விற்க வேண்டுமானால் ஆட்கள் வேண்டும். ஆட்கள் வர வேண்டுமானால் ஊர் வேண்டும். ஆகவே கம்பெனியே ஊர்களை அமைக்கலாயிற்று.

லிங்கன் நகருக்கு மேற்கே 1871, 1872 ஆண்டுகளில் அது போட்ட பாதையின் நிலையப் பெயர்களைக் கேளுங்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மாண்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனஸா, லோவெல். ஆங்கில நெடுங்கணக்கின் சி முதல் எல் வரை எழுத்துகள் வரிசை பிறழாமல் நிற்கின்றன அல்லவா? மண்ணிலே முளைத்த பெயர்கள் இவ்வாறு அணிவகுத்து நில்லா. இவை அலுவலகத்து மேசையில் பிறந்தவை.

நிலையங்களை நெருக்கமாக அமைத்ததற்கும் காரணம் உண்டு. குதிரை வண்டியில் தானியம் ஏற்றிச் செல்லும் உழவர், பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். நீராவி எஞ்சினுக்கோ வழியிலே அடிக்கடி தண்ணீர் வேண்டும். குதிரையின் நடையும் எஞ்சினின் தாகமும் சேர்ந்தே ஊர்களுக்கிடையிலான தொலைவை வரையறுத்தன எனலாம்.

இனி, இவ்வூர்களின் விதியைப் பார்ப்போம். லோவெல், கெர்னி மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. குடியேறுவோர் நிலம் பதிவு செய்யும் அரசாங்க அலுவலகமும் அங்கிருந்தது. ஆனால் 1872-லேயே பாதை அதனைக் கடந்து கெர்னி சந்திப்பை அடைந்தது. 1874-இல் நில அலுவலகம் புளூமிங்டனுக்குப் பெயர்ந்தது. அதே ஆண்டில் வெட்டுக்கிளிகள் திரண்டு வந்து சமவெளியின் பயிர்களை அழித்தன. பின்னர் தலைநகர்ப் பெருமையும் மிண்டனுக்குச் சென்றது. லோவெல் ஒளி இழந்தது.

ஜூனியாட்டா தப்பிப் பிழைத்தது. ஆனால் சிற்றூராகவே நின்றுவிட்டது. அதற்குக் கிழக்கே, இரண்டு இருப்புப்பாதைகள் குறுக்கிட்ட இடத்தில் 1872-இல் ஹேஸ்டிங்ஸ் தோன்றியது. அகர வரிசையில் சேராத அவ்வூர், சில ஆண்டுகளுக்குள் மாவட்டத் தலைமையை ஜூனியாட்டாவிடமிருந்து பறித்துக்கொண்டது. ஒரு பாதை ஊரை ஆக்கியது. இரு பாதைகள் நகரத்தை ஆக்கின.

எஞ்சிய சிற்றூர்களுக்கு அடுத்த சோதனை இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1896-இல் தொடங்கிய கிராம அஞ்சல் திட்டம் கடிதங்களை உழவர் வாயிலிலேயே சேர்த்தது. சிறு அஞ்சலகங்கள் பல மூடப்பட்டன. மோட்டார் வண்டி வந்ததும், ஒருநாட் பயணம் அரைமணிப் பயணமாயிற்று. டீசல் எஞ்சினுக்கு வழியிலே தண்ணீர் தேவைப்படவில்லை. குதிரையும் நீராவியும் வகுத்த தொலைவு பொருளற்றுப் போயிற்று. இன்லண்ட் இன்று ஒரு சிறு குடியிருப்பே. பயணிகள் வண்டி இன்றும் அப்பாதையில் ஓடுகிறது. லிங்கனில் நின்றபின் ஹேஸ்டிங்ஸிலேதான் நிற்கிறது. இடையிலுள்ள ஊர்களை அது நில்லாமல் கடந்துவிடுகிறது.

ஒரே காரணத்தை நம்பி எழுந்த ஊர், அக்காரணம் அகன்றதும் தளர்ந்தது. பள்ளி, சந்தை, தொழில், நிர்வாகம் என வேறு வேர்களும் ஊன்றிய ஊரே நிலைத்தது. நெப்ராஸ்காவின் நிலப்படம் கிடைத்தால், கிரீட்டில் விரலை வைத்து மேற்கே நகர்த்திப் பாருங்கள். எழுத்துகள் வரிசையாக வரும். எந்த எழுத்து பெரிதாக அச்சாகியிருக்கிறது, எது சிறுத்துப் போயிற்று என்று நோக்குங்கள். ஏன் என்ற வினா உங்கள் உள்ளத்தில் எழுமானால், வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்கிவிட்டது என்பேன்.