வாசனைக்கு ஒரு வெள்ளி வலை

ஹைதராபாத்தின் வடக்கே மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகள் நெருக்கியடிக்கும் ஜீடிமெட்லாவில் நறுமணத்தை யாரும் தேடமாட்டார்கள். ஆனால் இதே நகரத்தின் நிஜாம் காலத்து மாளிகைகளில் விருந்தாளியை அத்தர் தராமல் வழியனுப்பியதில்லை. தாம்பூலமும் அத்தரும் தட்டில் வந்துவிட்டால் சந்திப்பு முடிந்தது என்று பொருள். (தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டில் சந்தனமும் பன்னீரும் வரவேற்பதற்கு, அங்கே விடைகொடுப்பதற்கு.)

அந்தத் தட்டில் இருந்த பாத்திரம்தான் அத்தர்தான். ஜீடிமெட்லாவுக்குக் கிழக்கே ஆல்வால் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் மூன்று மணி நேரம் பயணம் செய்தால் வரும் கரீம்நகர், வெள்ளிக் கம்பி வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். வெள்ளியை மெல்லிய கம்பியாக இழுத்து, இரண்டிரண்டாக முறுக்கி, தட்டையாக்கி, சுருள் சுருளாக வளைத்துச் சட்டத்துக்குள் அடைத்துப் பற்றவைக்கிறார்கள். ஒரு சுருள் உருகினாலும் வேலை பாழ்.

வாசனைக்கு வெள்ளி என்பது புதிய யோசனையல்ல. பண்டைய கிரேக்கர்களின் 'அலபாஸ்ட்ரான்' என்ற நீண்ட சிமிழ் பெரும்பாலும் கல்லிலும் மண்ணிலும்தான் செய்யப்பட்டது. வசதி படைத்தவர்களுக்கு வெள்ளியில். குறுகிய கழுத்து, அகன்ற தட்டை விளிம்பு. விளிம்பில் வழியும் துளியை விரலால் தொட்டுப் பூசிக்கொள்ளலாம். கிரேக்கர்களின் அண்டை நாடான லிடியாவின் கல்லறைகளிலிருந்து 1960களில் திருடப்பட்ட வெள்ளிப் பொருட்களில் இத்தகைய சிமிழ்களும் உண்டு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் அவற்றை 1993இல்தான் துருக்கிக்குத் திருப்பிக் கொடுத்தது.

அங்கும் இங்கும் வாசனைக்கு அடிப்படை எண்ணெய்தான். அங்கே ஆலிவ், இங்கே சந்தனம். ஆனால் கிரேக்கச் சிமிழ் வாசனையை அடைத்து வைத்தது. கரீம்நகர் அத்தர்தானோ முழுக்க ஓட்டை! எண்ணெய் ஊற்றினால் ஒழுகிவிடும். உள்ளே சிறு கண்ணாடிக் குப்பியோ அத்தரில் தோய்த்த பஞ்சோ இருக்கும். மணம் மட்டும் வலை வழியே கசியும்.

இன்று விடைபெறும்போது அத்தர் கேட்பவர் யார்? ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தர்தான்கள் காலியாக நிற்கின்றன. 2007இல் கரீம்நகர் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025இலோ வெள்ளி விலை கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. நினைவுப் பரிசுகள், சாவிக்கொத்துகள், காதணிகள் ஆகியவற்றுக்குத்தான் கிராக்கி. 2023 டெல்லி ஜி-20 மாநாட்டுக்காகக் கரீம்நகர் கைவினைஞர்கள் செய்து கொடுத்தது அசோகச் சக்கர பேட்ஜ்கள். அதே கம்பி, அதே சுருள். உள்ளே பஞ்சு வைக்கத்தான் இடமில்லை.