கத்தி பிடிக்கும் டாக்டருக்கு கம்ப்யூட்டர் போடும் முடிச்சு!

அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டராவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்லூரியில் 4 ஆண்டு. மருத்துவப் படிப்பு 4 ஆண்டு. பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி 5 ஆண்டு. போதாததற்கு, பலர் ஆராய்ச்சிக் கூடத்திலும் ஓரிரு ஆண்டு ஓட்டுகிறார்கள். இத்தனையும் முடிப்பதற்குள் வயது முப்பதைத் தாண்டி விடும். அதற்குப் பிறகுதான் கடைசிப் படி. 2 ஆண்டு சிறப்புப் பயிற்சி. "ஃபெல்லோஷிப்" என்று பெயர்.

இந்தப் படியில்தான் கால் வழுக்குகிறது. நாடு முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 50 இடம் அளவுக்குத்தான் இருக்கும். கேட்டு வருகிறவர்களோ அதைப்போல இரண்டு மடங்கு வரை. அதாவது, இத்தனை ஆண்டு ராப்பகல் பாராமல் உழைத்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்!

யாருக்கு இடம் என்று தீர்ப்புச் சொல்வது பேராசிரியர் அல்ல, மந்திரி அல்ல. ஒரு கம்ப்யூட்டர்.

நள்ளிரவுத் தந்தி

இந்த ஏற்பாடு வந்த கதையே ஒரு துப்பறியும் கதை போல இருக்கும்.

1940-களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இளம் டாக்டர்கள் போதவில்லை. பயிற்சி டாக்டரைப் பிடிப்பதில் ஒரே போட்டா போட்டி. "நீ முந்தியா, நான் முந்தியா" என்று, படிப்பு முடிய 2 ஆண்டு இருக்கும்போதே மாணவர்களை வளைத்துப் போட ஆரம்பித்தார்கள். பையன் நன்றாகப் படிப்பானா, மாட்டானா என்று அவனுக்கே தெரியாத காலத்தில் வேலைக்கு உத்தரவு!

இது சரிப்படாது என்று 1945-ல் கல்லூரிகள் கூடிப் பேசின. குறித்த நாளுக்கு முன் மாணவர்களைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று கட்டுப்பாடு போட்டன. ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த ஓட்டை திறந்தது. உத்தரவு கிடைத்தவர் யோசித்துப் பதில் சொல்ல முதலில் 10 நாள் கெடு இருந்தது. வருஷா வருஷம் அது சுருங்கிக்கொண்டே வந்தது. 1949-ல் 12 மணி நேரக் கெடு என்று பேச்சு வந்தபோது, அதுவே அதிகம் என்று ஆஸ்பத்திரிகள் தரப்பில் முகம் சுளித்தார்கள். தந்தி வந்த கையோடு டெலிபோன் அடிக்கும். "வருகிறாயா, இல்லையா? இப்பவே சொல்லு!"

மாணவர் பாடு திண்டாட்டம். கையில் ஒரு தந்தி. மனதில் வேறொரு ஆஸ்பத்திரி. அது கூப்பிடுமோ, மாட்டாதோ?

கடைசியில்தான் எல்லாரும் விருப்பப் பட்டியலை ஒரே இடத்தில் கொடுப்பது, இயந்திரத்தை வைத்து ஜோடி சேர்ப்பது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

மாணவர் கண்டுபிடித்த ஓட்டை

1951-ல் திட்டம் வெளியானது. அதைப் பார்த்த மாணவர்கள் சிலருக்குப் பொறி தட்டியது. உண்மையாகப் பிடித்த ஆஸ்பத்திரியை முதலில் எழுதி, அது கிடைக்காமல் போனால், அடுத்ததும் கைநழுவும்படி கணக்கு போட்டிருந்தார்கள். உண்மை சொன்னவனுக்குத் தண்டனை!

ஹார்வர்டு மருத்துவ மாணவர் ஹார்டி ஹென்ட்ரன் முன்னால் நிற்க, மாணவர்கள் கிளம்பினார்கள். மறியல் இல்லை, கல்வீச்சு இல்லை. கணக்கைக் கணக்காலேயே மடக்கினார்கள். திட்டம் மாற்றப்பட்டது. 1952-ல் முதல் ஜோடி சேர்ப்பு நடந்தது. பின்னாளில் சிறப்புப் பயிற்சிகளும் ஒவ்வொன்றாக இதே வழிக்கு வந்தன.

அந்த ஹென்ட்ரன் பிறகு என்ன ஆனார் தெரியுமா? உலகப் புகழ் பெற்ற குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர்! பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைத் தலைவராக இருந்தார். 2022-ல் காலமானார்.

இண்டர்வியூ

இடம் கேட்கும் டாக்டர் முதலில் மனு போடுகிறார். ஆபரேஷன் கணக்கு, பெரியவர்களின் சிபாரிசுக் கடிதம், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் இணைக்க வேண்டும். பிடித்திருந்தால் ஆஸ்பத்திரி இண்டர்வியூவுக்குக் கூப்பிடும். 2020-க்கு முன் ஊர் ஊராகப் பறக்க வேண்டும். டிக்கெட், ஓட்டல் எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. இவர் போகும் நாளில் இவருடைய டூட்டியைக் கூடப் பயிலும் டாக்டர் பார்க்க வேண்டும். அந்தக் கடனையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொரோனா வந்த பிறகு பல இண்டர்வியூக்கள் கம்ப்யூட்டர் திரைக்கு மாறின. செலவு மிச்சம். ஆனால் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் நடந்து, அங்கே இருக்கிறவர்களின் முகத்தைப் படிக்கும் வாய்ப்பு போச்சு.

உள்ளே கேள்வி எப்படி? வியாதியைப் பற்றி மட்டும் கேட்பார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம். "நீங்கள் செய்த ஆபரேஷன் கோளாறாகிப் போன சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" என்பார்கள். பழியை நர்ஸ் மேலோ, மயக்க மருந்து கொடுத்தவர் மேலோ போட்டவர் கதை அங்கேயே முடிந்தது. வாசலில் பெயரைக் கேட்டு உட்கார வைக்கும் ஆபீஸ் அம்மாவிடம் முறைத்துக்கொண்டாலும் அதேதான். சாயங்காலம் அந்த அம்மாவின் அபிப்பிராயத்தையும் கேட்கிற பேராசிரியர்கள் உண்டு.

டாக்டரும் சும்மா தலையாட்டி விட்டு வரக்கூடாது. பயிற்சி டாக்டர் தானே கத்தி பிடிக்கும் ஆபரேஷன் எத்தனை? போன வருஷம் முடித்தவர்களுக்கு எங்கே வேலை கிடைத்தது? ராத்திரி அழைப்பு எத்தனை நாளுக்கு ஒரு முறை? இதையெல்லாம் பேராசிரியரிடம் கேட்டால் அரை பதில் வரும். அங்கே தற்போது பயிற்சியில் இருப்பவரைத் தனியே பிடித்துக் கேட்டால் முழு பதில் வரும்.

கேட்கக்கூடாத கேள்விகளும் உண்டு. "வேறு எங்கெல்லாம் மனு போட்டிருக்கிறீர்கள்? எங்களை எத்தனாவதாக எழுதப் போகிறீர்கள்?" இப்படிக் கேட்பது விதிமீறல். "கல்யாணம் ஆச்சா, குழந்தை எப்போது" என்பதும் கூடாது. ஆனாலும் பெண் டாக்டர்களிடம் இன்னும் கேட்கத்தான் செய்கிறார்கள் என்று ஆய்வுகளில் வெளிவந்திருக்கிறது. பதில் சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. என்ன செய்வது?

பட்டியல் ரகசியம்

எல்லாம் முடிந்ததும் டாக்டர் தன் விருப்பப் பட்டியலை எழுதுகிறார். ஆஸ்பத்திரியும் எழுதுகிறது. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் செய்வது நம் ஊர் கல்யாணத் தரகர் வேலைதான். டாக்டர் முதலில் எழுதிய ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டும். அவர்கள் இவர் பெயரை எழுதியிருந்து, இடமும் காலியாக இருந்தால் உட்கார வைக்கும். ஆனால் தற்காலிகமாகத்தான். அந்த ஆஸ்பத்திரி இவருக்கு மேலே எழுதிய ஆள் பின்னால் வந்து கதவைத் தட்டினால், இவர் எழுந்து தன் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போக வேண்டும். எழுப்ப ஆள் இல்லாமல் போகும் வரை இப்படியே சுற்றும்.

இதைப் புரிந்துகொள்ளாத சாமர்த்தியசாலிகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். உதாரணத்துக்கு ஒரு டாக்டர். ஆசை பாஸ்டன் மேல். ஆனால் சிகாகோ பேராசிரியர் தோளில் தட்டி, "உங்களை மேலே எழுதுவோம்" என்று கடிதமும் அனுப்பி விட்டார். "கிடைப்பதை விடுவானேன்" என்று சிகாகோவை முதலில் எழுதுகிறார். கிடைத்தும் விடுகிறது. பாஸ்டனோ இவரை முதல் பெயராக எழுதிக் காத்திருந்தது! அவருக்கு அது கடைசி வரை தெரியப் போவதில்லை.

பாஸ்டனை முதலில் எழுதியிருந்தால் என்ன குடி முழுகி இருக்கும்? ஒன்றும் இல்லை. பாஸ்டன் கைவிரித்தால் சிகாகோ கதவைத் தட்டுவார். அங்கே இவருக்குக் கீழே எழுதப்பட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தால் அவரை எழுப்பிவிட்டு இவர் உட்காரலாம். "தாமதமாக வந்தாய், இடம் போச்சு" என்ற பேச்சே இந்தக் கணக்கில் கிடையாது. தோளில் தட்டியதும் கடிதம் போட்டதும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இன்னொன்று. போகவே மனமில்லாத ஊரைப் பட்டியலை நீட்டுவதற்காக எழுதக்கூடாது. விழுந்தால் போய்த்தான் ஆக வேண்டும். "வரமாட்டேன்" என்றால் தண்டனை. ஆஸ்பத்திரிக்கும் அப்படியே.

இந்தக் கணக்கை 1962-ல் டேவிட் கேல், லாயிட் ஷாப்ளி என்ற இரு நிபுணர்கள் கல்யாணத்தை உதாரணமாக வைத்தே எழுதினார்கள். 1990-களில், இயந்திரம் ஆஸ்பத்திரிகளுக்குச் சாதகமாக ஓடுகிறது என்று புகார் கிளம்பியது. ஆல்வின் ராத் என்ற பொருளாதாரப் பேராசிரியர் திருத்தி அமைத்தார். 1998 முதல் டாக்டர் கதவைத் தட்டும் முறை நடப்பில் இருக்கிறது. 2012-ல் ஷாப்ளிக்கும் ராத்துக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கோர்ட் படியேறியது

எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. பேரம் பேச வழியில்லாமல் சம்பளத்தை அமுக்குகிறார்கள் என்று 2002-ல் டாக்டர்கள் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போதே, 2004-ல், பென்ஷன் சம்பந்தமான ஒரு சட்டத்துக்குள் இந்த முறைக்குப் பாதுகாப்பு கொடுக்கும் பிரிவைச் செருகி நிறைவேற்றி விட்டது அமெரிக்கப் பாராளுமன்றம். அதே ஆண்டு வழக்கு தள்ளுபடி ஆனது. நியாயமோ, இல்லையோ, வேலை சுத்தம்!

நம் நாட்டில் பெரும்பாலான எம்.சி.எச். இடங்களுக்கு 2017 முதல் "நீட்" சிறப்புத் தேர்வு மார்க்குதான் வழி. அதில் இண்டர்வியூ கிடையாது. ஆனால் கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியல் இங்கேயும் உண்டு. மார்க்கைப் பார்த்துப் பயந்து ஆசையைக் கீழே எழுதி ஏமாறுவதும் உண்டு.

அங்கே பட்டியல் கொடுக்கக் கெடு, குறித்த நாள் இரவு 9 மணி. எழுதினால் மட்டும் போதாது. உறுதி செய்யும் பட்டனையும் அழுத்த வேண்டும். மறந்தால் எழுதாததற்குச் சமம்.

முடிவு வருவது இன்னொரு நாள் பகல் 12 மணிக்கு. சென்னையில் அப்போது இரவு 9.30 அல்லது 10.30 இருக்கும். பிள்ளையை அங்கே அனுப்பியவர்கள் டெலிபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். டாக்டரோ அந்த நேரத்தில் கையுறையோடு ஆபரேஷன் தியேட்டரில் நின்றுகொண்டிருக்கலாம். தையல் போட்டு முடித்து, வெளியே வந்து, கையைக் கழுவிய பிறகுதான் பார்க்க முடியும்.

வரும் செய்தியில் ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். அல்லது இடம் இல்லை என்று இருக்கும். காரணம் இருக்காது.