மேலுரத்துக்கு வைத்த பணம் ஜவுளிக்கடைக்குப் போவது ஏன்?

ஐப்பசியில் டெல்டா பக்கம் சம்பா பயிர் தூர் கட்டிக்கொண்டு நிற்கும். களை எடுக்க ஆள் பிடிக்க வேண்டும், மேலுரம் போட வேண்டும், மழை வலுத்தால் வடிகால் வெட்ட வேண்டும். கையில் இருக்கும் காசெல்லாம் வயலுக்குள் இறங்குகிற மாதம் அது. நெல் பணம் வர இன்னும் மூன்று, நான்கு மாதம் கிடக்கிறது. அந்த மாதம் பார்த்துத்தான் தீபாவளி வருகிறது.

ஜூனிலும் இதே கதைதான். குறுவைக்கு விதைநெல், உழவுக்கூலி என்று ஓடும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடும். மானாவாரிக்காரர்கள் ஆடிப்பட்டத்துக்கு விதை தேடும்போது ஊரெங்கும் ஆடித் தள்ளுபடி போஸ்டர். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்தில் நாம் துணி எடுக்கும் நாட்களில் பெரும்பகுதி, நிலத்தில் பணம் போடும் நாட்களாகவே இருக்கின்றன. சம்பளக்காரருக்குத் தீபாவளிக்கு போனஸ் வரும். நமக்கு யூரியா கடைக்காரர்தான் பாக்கி கேட்டு வருவார்.

இதழுக்கு வரும் கேள்விகளில் பூச்சி, உரம், மானியம் பற்றியவைதான் அதிகம். ஆனால், புரட்டாசி பிறந்ததும் வேறு மாதிரிக் கேள்வியும் வரத் தொடங்கும். விளைச்சல் சுமாராக வந்தும் காதுத் தோட்டை அடகு வைக்காமல் தீபாவளிக்குத் துணி எடுக்க முடியவில்லையே, எங்கே ஓட்டை விழுகிறது என்று கேட்பார்கள். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். 'ஆடம்பரத்தைக் குறையுங்கள்' என்று பதில் எழுதுவது சுலபம். ஆனால், இரண்டரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தில் ஆடம்பரம் எங்கே இருக்கிறது? துணிக்குச் செலவாகும் தொகையைவிட, அது செலவாகும் மாதம்தான் நம்மைக் கடனில் தள்ளுகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

மாதிரிக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, கணவனின் அம்மா, ஒன்பதாம் வகுப்புப் பையன், ஆறாம் வகுப்புப் பெண். இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளி. தொகைகள் உதாரணத்துக்கு எழுதியவை, உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு மனைவிக்குச் சேலை 1,200 ரூபாய், ஜாக்கெட் தையல்கூலி 250, அம்மாவுக்குச் சேலை 700, வேட்டி சட்டை 1,100, பையனுக்கு 1,400, பெண்ணுக்கு 1,200. கூட்டினால் 5,850. ஜூனில் பையனுக்கு இரண்டு செட் சீருடை, தையல்கூலியோடு 2,200. எட்டாம் வகுப்பு வரை சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 4 செட் சீருடையை அரசே கொடுத்துவிடுவதால் பெண்ணுக்குச் செலவில்லை. சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுத்துக்கொடுக்கும் துணிக்கு 4,000. லுங்கி, நைட்டி, பனியன், ஜட்டி, துண்டு, போர்வை என்று அவ்வப்போது வாங்குவது 2,600. ஐந்து பேருக்கும் காலுக்குப் போடுவது 2,150. மொத்தம் 16,800 ரூபாய்.

இதில் தீபாவளியின் பங்கு மூன்றில் ஒன்றுதான். ஆனால், வீட்டில் பேச்சு வரும்போது தீபாவளித் துணியைப் பற்றித்தான் சண்டை. மீதி 10,950 ரூபாய் யார் கண்ணிலும் படாமல் இருநூறு, முந்நூறாகப் போய்விடுகிறது. ஆகவே முதல் வேலையாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு வருஷத்துக்குத் துணி, செருப்புச் செலவை மட்டும் தனியாக எழுதுங்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்த மாதம் என்ற நான்கு விவரம் போதும். எழுதுகிற பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். அவர்களும் விலை தெரிந்து வளர்வார்கள்.

இனி, தீபாவளிக்காக 6,000 ரூபாய் கைமாற்று வாங்கினால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். நூற்றுக்கு மூன்று வட்டி. மாசியில் நெல் பணம் வந்து திருப்பும்வரை நான்கு மாதம். வட்டி மட்டும் 720 ரூபாய். அம்மாவுக்கு எடுத்த சேலையின் விலையைவிட அதிகம். இது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம். கடன் வாங்கக் கூச்சப்பட்டு, மேலுரத்துக்கு வைத்த பணத்தையே ஜவுளிக்கடையில் கொடுத்துவிடுபவர்களும் உண்டு. தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் தழைச்சத்து தவறினால் பின்னால் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஈடாகாது. அந்த நஷ்டம் களத்தில் நெல் அளக்கும்போதுதான் தெரியும். அப்போது அதற்கும் தீபாவளிக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவணை தேதிக்குள் கட்டினால்தான் தமிழ்நாட்டில் அந்தக் கடனுக்கு வட்டி இல்லை. நெல் பணம் வந்ததும் கைமாற்றுக்காரர் முதலில் வாசலில் நிற்பார், சங்கத்துக்குக் கட்டுவது தள்ளிப்போகும், வட்டியில்லா கடன் வட்டிக் கடனாகிவிடும். கிசான் கடன் அட்டை விதிமுறையிலேயே, பயிருக்கான தொகைக்கு மேல் 10 சதவிகிதம் வரை அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதை எடுத்துத் துணி வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால், கந்துவட்டிக்குப் போகும் நிலை வந்தால், அதற்கு முன் வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பால் பணம் எதற்கு?

16,800 ரூபாயை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,400. நெல்லோ, மஞ்சளோ, பருத்தியோ வருஷத்துக்கு ஒருமுறை, இருமுறை பணம் தரும். மாதாமாதம் பணம் வருவது பாலிலும் கோழி முட்டையிலும் கீரை, பூவிலும்தான். பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று வைத்தால், மாதம் 40 லிட்டர் பாலின் பணம் இந்த வீட்டின் துணிச்செலவு முழுவதற்கும் சரியாக இருக்கும். இரண்டு கறவை இருக்கும் வீட்டில் இது முடியாத காரியம் இல்லை. பால் பணத்தில் தீவனம் போக மீதி மளிகைக்குப் போய்விடுகிறது என்பவர்கள், அறுவடைப் பணம் வந்த வாரத்திலேயே தீபாவளிப் பங்கான 6,000 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கலாம். பீரோவில் வைத்தால் தங்காது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எட்டு மாதத்துக்கு டெபாசிட் போட்டுவிட்டால் ஐப்பசிக்குள் கைக்கு வந்துவிடும். மகளிர் குழுவில் இருப்பவர்கள் குழுச் சேமிப்போடு இதற்கென்று ஒரு தொகை தனியாகக் கட்டுவதும் சில ஊர்களில் வழக்கமாக இருக்கிறது.

1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் மாதச் சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட மாதங்கள் நாம் தவணை கட்டினால் கடைசித் தவணையை நிறுவனம் போடும், முதிர்வுத் தொகைக்குத் துணி எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மாதம், எவ்வளவு என்பது அவ்வப்போது மாறும் என்பதால் பக்கத்துக் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தீபாவளியை ஒட்டி அங்கே 30 சதவிகிதத் தள்ளுபடியும் வழக்கமாகக் கிடைக்கும். கைத்தறி நமக்குக் கட்டுப்படியாகாது என்று தாண்டிப் போகிறவர்கள், தள்ளுபடி போக விலை என்ன என்று ஒருமுறை விசாரிக்கலாம். போர்வை, துண்டு, வேட்டி எல்லாம் கையில் எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

எடுத்துக்கொடுக்கும் துணி

கணக்கில் 4,000 ரூபாய் எழுதினோமே, அதைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும். தாய்மாமன் சீர் வேறு விஷயம், அதில் கை வைத்தால் உறவே முறியும். நான் சொல்வது, ஒவ்வொரு விசேஷத்துக்கும் பங்காளி வீடு, சம்பந்தி வீடு என்று சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொள்கிற வேட்டி துண்டு, மலிவுச் சேலை. வாங்கியவர் கட்டுவதில்லை. அட்டைப் பெட்டி பிரியாமல் பீரோவில் இருந்து அடுத்த விசேஷத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறது. நான்கு அண்ணன் தம்பி குடும்பங்கள் உட்கார்ந்து, 'நமக்குள் துணி வேண்டாம், அந்தப் பணத்தை மொய்யாக எழுதிவிடுவோம்' என்று பேசி முடித்தால் நான்கு வீட்டுக்கும் லாபம். யார் முதலில் சொல்வது என்ற தயக்கம்தான். வீட்டில் மூத்த அண்ணியோ அத்தையோ சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் குறைந்தால் எந்த வீட்டிலும் முதலில் வெட்டு விழுவது மனைவியின் சேலைக்குத்தான். 'எனக்குப் போன வருஷத்துச் சேலையே புதுசா இருக்கு' என்பார். நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே தொகை எழுதி வைத்தால், அந்தத் தொகை வேறு பக்கம் திரும்பும்போது எல்லோருக்கும் தெரியும்.

எங்கே, எப்படி?

ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஜவுளிச் சந்தை, சேலைக்கு இளம்பிள்ளை, சின்னாளபட்டி, பனியனுக்குத் திருப்பூர் என்று விலை சல்லிசாகக் கிடைக்கும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான். ஆனால், ஐந்து பேர் பஸ் ஏறிப் போய், ஓட்டலில் சாப்பிட்டுத் திரும்பினால் மிச்சமானது அதிலேயே போய்விடும். நான்கைந்து குடும்பத்துக்குச் சேர்த்து இரண்டு பேர் போய் வந்தால்தான் கட்டுப்படியாகும். சேலை, வேட்டி, துண்டு, போர்வைக்கு அளவு தேவையில்லை, அவற்றுக்கு இது பொருந்தும். பிள்ளைகளின் சட்டைக்குப் பொருந்தாது.

வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது பேன்ட், பாவாடை அடியில் மூன்று அங்குலம் மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ஜாக்கெட்டுக்கும் உள்தையலில் பிடிப்பு விட்டால் இரண்டு வருஷம் தாங்கும். பருத்தித் துணியை ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள்.

மருந்து அடிக்க ஒரு முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் தனியாக வையுங்கள். பழையதாக இருக்கலாம், கிழிசல் இருக்கக் கூடாது. அதைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறவைக்கவே கூடாது. கிழிந்த வேட்டி பஞ்சகவ்யா வடிகட்ட ஆகும். பழைய கலர் சேலைகள் வேலியோரம் காட்டுப்பன்றிக்குக் கட்ட ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செருப்பில் மட்டும் கருமித்தனம் வேண்டாம்

துணியில் எங்கே வேண்டுமானாலும் குறைக்கலாம். காலுக்குப் போடுவதில் குறைப்பது ஆபத்து. கல்யாணத்துக்குப் போக நல்ல செருப்பு வைத்திருப்பவர்கூட, ராத்திரி மோட்டார் போடவும் மடை திருப்பவும் வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறார். பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் விழுகிறது. கண்ணாடி விரியன் வரப்புப் புல்லில் படுத்திருந்தால் டார்ச் வெளிச்சத்திலும் சட்டென்று தெரியாது. முழங்கால் அளவு கம்பூட்ஸ் ஒரு ஜோடி மேலே சொன்ன 2,150 ரூபாய்க்குள் 500 ரூபாயாக இருக்கிறது. சேற்றுக்குள் நடவு வேலைக்கு அது சரிப்படாது என்பது உண்மை. வரப்புக்கும் கரும்புக்காட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் தாராளமாகப் போடலாம். போடும் முன் தலைகீழாகத் தட்டிவிட்டுப் போடுங்கள், உள்ளே தேள் இருக்கும்.

பிள்ளைகள் கொல்லைக்கும் தோட்டத்துக்கும் வெறுங்காலோடு போனால் கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். ரத்தசோகைக்கு அதுவும் ஒரு காரணம். வீட்டு வாசலில் ஆளுக்கொரு ரப்பர் செருப்பு கிடக்கட்டும்.

சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். முள் குத்தியது தெரியாமல் புண்ணாகி, விரலை எடுக்கும் நிலை வரை போய்விடும். அவர்களுக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் வைத்த, பின்பக்கம் வார் உள்ள செருப்பு வாங்கிக் கொடுங்கள். எங்கே கிடைக்கும் என்று மாத்திரை வாங்கப் போகும்போது ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்கினால் பிறகு கடிக்காது.

வாசகர்கள் கேட்டவை

ஊரில் ஒருவர் தீபாவளிச் சீட்டு நடத்துகிறார். துணி, பட்டாசு, இனிப்பு எல்லாம் தருவதாகச் சொல்கிறார். சேரலாமா?

சீட்டு நடத்துவதை 1982-ம் ஆண்டின் சிட்பண்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அந்தப் பணத்தை உங்கள் பெயரில் வங்கியில் போடுங்கள்.

கல்லூரி சேர்ந்த மகன் 3,000 ரூபாய் ஷூ கேட்கிறான். மறுக்கவும் மனமில்லை.

2,500 ரூபாய்க்கு உட்பட்ட காலணிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகித ஜி.எஸ்.டி. அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். அந்த எல்லைக்குள் பார்க்கச் சொல்லுங்கள். நோட்டைக் காட்டி, அவன் பங்குக்கு இந்த வருஷம் இவ்வளவு, ஷூ வேண்டுமானால் தீபாவளிச் சட்டை பேன்ட் இல்லை, எது வேண்டும் என்று அவனையே கேளுங்கள்.

பொங்கலுக்கு ரேஷனில் கொடுக்கும் வேட்டி சேலையை வாங்காமல் விட்டுவிடுகிறோம். வாங்கலாமா?

1983-ல் தொடங்கிய திட்டம் அது. கார்டுக்கு உரியதை வாங்கிக்கொள்ளுங்கள். வயல் வேலைக்குக் கட்ட அந்தச் சேலையும் வேட்டியும் போதும்.