விசைவழித் தமிழ் – 9: எதுகை தேடும் எடிட்டர்

விம் என்னும் உரைத்தொகுப்பியில் ஆணைக்குரிய இயல்புநிலை வேறு, எழுதுவதற்குரிய செருகுநிலை வேறு என்பதும், எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளே கர்சரை நகர்த்துகின்றன என்பதும் முன்னரே விளக்கப்பட்டுவிட்டன. இவ்வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்த பொருள் மேக்ரோ, அதாவது ஒருமுறை அழுத்திய விசைவரிசையைப் பதிந்துவைத்து வேண்டிய தடவை மீண்டும் இயக்கும் வசதி. ஆனால் அதனைத் தமிழ்க் கோப்பொன்றில் இயக்குவதற்கு முன் விம் எதனை ஓர் எழுத்தாகக் கொள்கிறது என்பது தெளிவாக வேண்டும். அந்த ஆராய்ச்சியோ யாப்பிலக்கணத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலெனார் விம்மை முதன்முதலில் வெளியிட்டது 1991 நவம்பரில்; தமிழுக்கு இடமளித்த யூனிகோடின் முதற்பதிப்பு வெளிவந்ததோ அதற்கு முந்தைய மாதம். யூனிகோடு உலக மொழிகளின் எழுத்துக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் பொதுத்தரம். எனினும் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியெண் தராமல், அகரமேறிய மெய்க்கு ஓர் எண்ணும் அதன்மேல் வரும் கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகளுக்குத் தனி எண்களும் தருகிறது. எனவே ‘கீரப்பாளையம்’ என்று ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்தால், படிப்பவர் கண்ணுக்கு அது ஏழெழுத்துச் சொல்லாக இருக்க, கோப்பினுள் பன்னிரண்டு யூனிகோடு எண்களாகவும், யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது 36 பைட்டுகளாகவும் அமைகிறது.

இந்தப் பன்னிரண்டில் விம்மின் கர்சர் ஏழு இடங்களில் மட்டுமே நிற்கிறது என்பது தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கால், கொம்பு, புள்ளி ஆகியவற்றை அது ‘சேர்குறி’ என்னும் வகையில் அடக்கி, தாம் சார்ந்த மெய்யோடு சேர்த்தே எண்ணுகிறது. இயல்புநிலையில் கர்சர் ‘கீ’யின் மேல் நிற்கும்போது எக்ஸ் விசையை அழுத்தினால் உயிர்மெய் முழுவதும் நீங்கும், டெல்கம்பைன் என்னும் அமைப்பை இயக்கிவிட்டு அதே விசையை அழுத்தினால் ஈகாரக் குறி மட்டும் நீங்கி ‘க’ எஞ்சும். ஊர்ப்பட்டியல்களில் ஒற்றும் கொம்பும் பிழைபட்ட இடங்களைத் திருத்துவோர்க்கு இதைவிடப் பயனுள்ள அமைப்பு அரிது. விம்மின் கையேடு இவ்விடத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அரபையும் எபிரேயத்தையுமே. ஆயினும் பயன் தமிழுக்கும் முழுமையாகக் கிட்டுகிறது. ஓரெழுத்தின் உள்ளமைப்பைக் காண விரும்புவோர் ஜி, ஏ என்னும் இரண்டு விசைகளை அடுத்தடுத்து அழுத்தினால், ‘கி’ என்பது 2965, 3007 என்னும் இரண்டு எண்களின் சேர்க்கை என்பது திரையின் அடியில் தோன்றும்.

இதனினும் வியப்புக்குரியது தேடலில் உள்ளது. தேடற்கோவையின் எந்த இடத்திலாவது பின்சாய்கோட்டையும் பெரிய இசட்டையும் சேர்த்து எழுதினால், விம் சேர்குறிகள் அனைத்தையும் புறக்கணித்து மெய்களை மட்டும் ஒப்பிடுகிறது. ‘கல’ என்று எழுதி இக்குறியைச் சேர்த்துத் தேடினால் கல், கால், கேலி, கோலம் ஆகிய அனைத்தும் அகப்படும். யாப்பிலக்கணம் வருக்க எதுகை என்றும் வருக்க மோனை என்றும் வகுத்த உறவு இதுவே: ஒரே மெய்யின் மேல் வெவ்வேறு உயிர்கள் ஏறிய எழுத்துக்கள் இரண்டாமிடத்தில் ஒத்துவரின் வருக்க எதுகை, முதலிடத்தில் ஒத்துவரின் வருக்க மோனை. விம்மின் தேடல்மொழியில் கூரைக்குறி அடியின் தொடக்கத்தையும், முற்றுப்புள்ளி ஏதேனும் ஓர் எழுத்தையும் குறிப்பதால், கூரைக்குறி, முற்றுப்புள்ளி, ‘ல’, பின்சாய்கோடு, பெரிய இசட் என இவ்வைந்தையும் வரிசையாக இட்டுத் தேடினால், இரண்டாம் எழுத்து லகர வருக்கமாக அமைந்த அடிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். புலவர்கள் ஏடுகளைப் புரட்டி நாட்கணக்கில் தொகுத்த எதுகை அகராதியின் முதற்படி, ஐந்து குறிகளில் முடிந்துவிடுகிறது.

இதைச் செய்துபார்க்கத் தேவாரத்தைவிடச் சிறந்த நூல் கிடைப்பது அரிது. நான்கடிப் பாடல்களும் அவற்றில் ஓடும் அடியெதுகையும் அதில் நிறைந்துள்ளன. கீரப்பாளையத்துக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில், தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னர் மீட்டார் என்றும், கறையான் அரித்தவை போக எஞ்சியவையே இன்று கிடைக்கின்றன என்றும் மரபு கூறும். அவ்வாறு எஞ்சிய பாடல்களை, 1998-இல் பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த கோப்புகளாக எவரும் விலையின்றிப் பெறும்படி வைத்துள்ளது. விம் திறப்பதற்கு அக்கோப்புகளே போதும்.

கருவியின் எல்லையையும் கூறியாக வேண்டும். எதுகைக்கு இரண்டாமெழுத்து ஒன்றுவதோடு முதலெழுத்துக்களும் குறிலோடு குறிலாகவும் நெடிலோடு நெடிலாகவும் அளவொத்திருக்க வேண்டும். மேற்சொன்ன தேடலில் முற்றுப்புள்ளி அந்த அளவைப் பார்ப்பதில்லை. மேலும், அ, ஆ, ஐ, ஔ ஆகியவை மோனையில் ஓரினமாயினும் யூனிகோடில் தொடர்பற்ற தனியெண்கள் ஆதலால், அவற்றைச் சதுர அடைப்புக்குள் ஒருங்கே எழுதித்தான் தேட வேண்டும். அகப்பட்ட அடிகளுள் உண்மையான எதுகையைத் தெரிந்தெடுப்பது இலக்கணம் கற்றவரின் பணியாகவே நிற்கிறது.

விசைப்பலகை பற்றி ஒரு குறிப்பு இன்றியமையாதது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பில் க, ப, ம, த ஆகிய நான்கும் முறையே எச், ஜே, கே, எல் விசைகளிலேயே அமைந்துள்ளன. வலக்கை விரல்கள் இயல்பாகத் தங்கும் இடத்தில் தமிழில் மிகுதியாக வழங்கும் மெய்களும் விம்மின் நகர்வு ஆணைகளும் ஒருங்கே வந்தமர்ந்ததால், தமிழ்த் தட்டச்சை மாற்ற மறந்து இயல்புநிலைக்குத் திரும்புவோர்க்குக் கர்சர் அசையாது. செருகுநிலையில் மட்டும் தமிழைத் தந்து, இயல்புநிலைக்கு வந்தவுடன் ஆங்கில விசைகளைத் தானே மீட்கும் ‘கீமேப்’ என்னும் அமைப்பு விம்மில் உண்டு. செருகுநிலையில் கண்ட்ரோலையும் 6 எண் விசையையும் சேர்த்து அழுத்தி அதனை இயக்கவும் நிறுத்தவும் இயலும்.

மேக்ரோவுக்கு இவ்வாரம் இடமில்லை. அகப்பட்ட எதுகை அடிகளைத் தனிக் கோப்பில் சேர்க்கும் பணியாக அது அடுத்த வாரம் தொடரும். அதற்குள் வாசகர்கள், குறிப்பாக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணவர்கள், தேவாரக் கோப்பொன்றை இறக்கி வைத்து, ஒரு பதிகத்திலேனும் இத்தேடலைச் செய்துபார்த்திருக்க வேண்டுகிறோம்.