பழைய லென்ஸ், புது கேமரா, இடையில் 27 மில்லிமீட்டர்

டீ ஆறுவதற்குள் ஒரு கழித்தல் கணக்கைப் பார்த்துவிடுவோம். 45.46-லிருந்து 18 போனால் 27.46. அறுபது, எழுபது வருடப் பழைய லென்ஸ்களை இன்று இளைஞர்கள் தேடித் தேடி வாங்குவதற்கு அடிப்படைக் காரணம் இந்த விடைதான்.

தூரத்தில் இருக்கும் ஒரு மலையின் பிம்பத்தை லென்ஸ் கேமராவுக்குள் ஒரே ஒரு தளத்தில்தான் தெளிவாக விழவைக்கும். ஃபிலிமோ சென்சாரோ சரியாக அந்தத் தளத்தில் இருக்க வேண்டும். ஆகவே லென்ஸ் வந்து உட்காரும் வளையத்துக்கும் (மவுண்ட்) ஃபிலிமுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொரு கேமரா குடும்பமும் மாறாத அளவாக வைத்துக்கொண்டது. 1949-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த கான்டாக்ஸ் எஸ் கேமராவில் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை இருந்தது. லென்ஸைத் திருகி மாட்ட வேண்டும். எம்42 என்று இன்றும் சொல்வது அதைத்தான். அதற்கான தூரம் 45.46 மில்லிமீட்டர். நிக்கானுக்கு 46.5, பழைய கேனன் எஃப்டிக்கு 42. எல்லாமே நாற்பதுக்கு மேல் இருக்கின்றன, கவனித்தீர்களா? நடுவே ஒரு ஆடி சாய்ந்து நின்று, காட்சியை மேலே நம் கண்ணுக்கு அனுப்பிவிட்டு, பொத்தானை அழுத்தும்போது எழும்பி வழிவிட வேண்டும். அந்த ஆடி எழும்பி இறங்கத்தான் அவ்வளவு இடம்.

2008-லிருந்து ஆடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்தன. ஆடி போனதும் அதற்காக ஒதுக்கிய இடமும் தேவையற்றுப்போனது. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் 18 மில்லிமீட்டர். ஒரு எம்42 லென்ஸை அதில் மாட்ட வேண்டுமா? 27.46 மில்லிமீட்டர் நீளமுள்ள வெறும் உலோகக் குழல் போதும். உள்ளே கண்ணாடி கிடையாது, மின்சுற்று கிடையாது. அடாப்டர் என்று கடையில் விற்பது இந்தக் குழலைத்தான்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதைக் கேனன் எஃப்டி லென்ஸ்களின் கதை சொல்லும். 1971-லிருந்து கேனன் அந்த மவுண்டுக்கு அருமையான லென்ஸ்களைச் செய்தது. 1987-ல் ஆட்டோஃபோகஸுக்காகப் புதிய ஈஓஎஸ் அமைப்புக்கு மாறியபோது தூரத்தை 44 ஆக்கிவிட்டது. 42 மில்லிமீட்டரில் உட்கார வேண்டிய லென்ஸை 44-லிருந்து உள்ளே எந்தக் குழலாலும் இறக்க முடியாது; அருகில் உள்ள பூ தெரியும், தூரத்து மலை ஒருபோதும் தெளியாது. நல்ல கண்ணாடிகள் இருபது வருடத்துக்கு மேல் அநாதையாகக் கிடந்தன. மிரர்லெஸ் வந்தபிறகு அதே லென்ஸ்கள் மறுபடி முழு உயிரோடு வேலை செய்கின்றன. தூரம் என்ற ஒற்றை எண் ஒரு பொருளைக் குப்பையாக்கவும் மீட்கவும் முடிகிறதே என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

எந்த லென்ஸில் தொடங்கலாம் என்று கேட்டால் நான் தயங்காமல் ஹீலியோஸ் 44-2 என்பேன். எம்42 மரை, குவியத் தூரம் 58 மில்லிமீட்டர், முழுதாகத் திறந்தால் எஃப் 2. மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலும் வேறு சில சோவியத் ஆலைகளிலும் ஜெனிட் கேமராக்களோடு சேர்த்துப் பெருவாரியாகச் செய்யப்பட்டது. அதன் மூலம் ஜெர்மனியில் இருக்கிறது: ஜெனா நகரின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வகுத்த பயோடார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸைஸின் வரைபடங்களும் கருவிகளும் சோவியத் பக்கம் போயின. பயோடார் அங்கே ஹீலியோஸாகத் தொடர்ந்தது. ஏராளமாகச் செய்யப்பட்டதால்தான் இன்றும் எளிதில் கிடைக்கிறது.

இந்த லென்ஸைப் பலர் வாங்குவது பின்னணி சுழல்வதற்காக. ஆளின் முகம் நடுவில் தெளிவாக இருக்க, பின்னால் உள்ள இலைகளும் வெளிச்சப் புள்ளிகளும் ஒரு மையத்தைச் சுற்றி வட்டமிடுவதுபோலத் தெரியும். இதில் மந்திரம் எதுவும் இல்லை. ஒரு குழாய்த் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், வட்டமான துவாரம் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் முன்வாயும் பின்வாயும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவில் இலை வடிவத் துவாரம் மட்டும் மிஞ்சும். லென்ஸின் ஓரங்களுக்குச் செல்லும் ஒளிக்கும் இதே கதிதான். நடுவில் வட்டமாக விழ வேண்டிய மங்கல் புள்ளிகள் ஓரத்தில் இலைகளாக நெரிபடுகின்றன. அந்த இலைகளின் நீள்பக்கம் மையத்தைச் சுற்றிப் படுப்பதால் சுழற்சி தோன்றுகிறது. லென்ஸில் முழுதாகத் திருத்தப்படாத ஓரப் பிழைகளும் அதை இன்னும் கூட்டிவிடும்.

காரணம் தெரிந்தால் அதை ஆளலாம். எஃப் 2-ல் சுழற்சி உண்டு. எஃப் 4-க்கு மூடினால் ஒளி புகும் நடுத்துவாரம் (அப்பர்ச்சர்) சுருங்கி, விளிம்புகள் மறைக்க எதுவும் இல்லாமல் சுழற்சி ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பழைய ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ஓரம் முழுக்கப் பதிவாகும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் அந்த ஓரத்தையே வெட்டிவிடுவதால் சுழற்சி குறைவு. பார்வைக் கோணமும் 87 மில்லிமீட்டர் லென்ஸுக்கு நிகராகக் குறுகிவிடும். வெறும் சுவர் பின்னால் இருந்தால் ஒன்றும் நடக்காது. இடைவெளியில் வானம் எட்டிப்பார்க்கும் மரக்கூட்டம் வேண்டும். ஆள் ஓரிரு மீட்டரில், மரங்கள் அவருக்குப் பின்னால் பல மீட்டர் தள்ளி.

இன்னொரு குணம், எதிர்வெயிலில் படத்தின் மேல் படரும் வெண்திரை. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். ஹீலியோஸுக்குள் ஆறு கண்ணாடிகள் நான்கு குழுக்களாக உள்ளன. அதாவது காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. பூச்சே இல்லாவிட்டால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒளி வழியிலேயே சிதறி, அதில் ஒரு பகுதி திரையாகப் படரும். ஸைஸில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா 1935-ல் கண்டுபிடித்த பூச்சு முறை இதைப் பெரிதும் குறைத்தது. ஹீலியோஸ் 44-2-ல் இருப்பது ஒற்றைப் பூச்சு. இன்றைய பல அடுக்குப் பூச்சுக்கு முன் அது எளியது. சூரியன் சட்டத்துக்குள் வந்தால் நிழல்களின் கருமை வெளுக்கும். வேண்டும் என்றால் விடுங்கள், வேண்டாம் என்றால் முன்னால் ஒரு ஹூட் மாட்டுங்கள். லென்ஸின் வாய் மரை 49 மில்லிமீட்டர்.

இனி கையில் எடுப்போம். கேமராவின் மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி தர வேண்டும். பலர் முதல் நாளே இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கேமரா உடலுக்குள்ளேயே அதிர்வு தடுப்பு இருந்தால் 58 என்று எண்ணைக் கொடுத்துவிடுங்கள், தவறான எண் இருந்தால் அது படத்தைக் கெடுக்கும். ஹீலியோஸ் 44-2-ல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் எண்ணைத் தேர்ந்து வைக்கிறீர்கள், இன்னொன்று திறக்கவும் மூடவும். முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண்ணை எடுக்காமலே வளையத்தை அது நிற்கும்வரை திருப்பினால் தேர்ந்த எண்ணுக்கு வந்துவிடும். விரல் பழகியபின் இதைவிட இனிமையான இயக்கம் கேமராவில் வேறில்லை.

ஃபோகஸ்தான் கடினம். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 2 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர். கண் தெளிந்தால் காது தெளியாது. விளிம்புகளுக்கு நிறமேற்றிக் காட்டும் பீக்கிங் வசதி இங்கே கொஞ்சம் தாராளமாகவே ஆமாம் போடும். அதை நம்பாமல் திரையைப் பெரிதாக்கிக் கண்ணிமையைப் பாருங்கள். நெருக்கத்தில் வளையத்தைத் திருப்புவதைவிட, ஓரளவு சரியாக வைத்துவிட்டு உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துத் தெளியும் கணத்தில் அழுத்துவது நல்லது.

வாங்கும்போது ஒரு சின்ன டார்ச் போதும். பின்பக்கத்திலிருந்து ஒளியடித்து முன்பக்கம் பாருங்கள். தூசி பரவாயில்லை. முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் படத்தில் அநேகமாகத் தெரியாது, பின் கண்ணாடியில் இருந்தால் யோசிக்க வேண்டும். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பசை தெரிந்தால் சில லென்ஸ்களில் பெரிய கோளாறு. ஸ்பிரிங் இழுத்து மூடும் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். 44-2-ல் தகடுகளை நம் கைதான் நகர்த்துகிறது, அதனால் பசையோடும் வேலை செய்யும். வலைபோலக் கிளைவிடும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது ஃபங்கஸ். விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம் என்றே சொல்வேன். பூஞ்சை சுரக்கும் அமிலம் பூச்சை அரித்து, பிறகு கண்ணாடியையும் தொடும். துடைத்தாலும் அரித்த தடம் போகாது. இரண்டு கண்ணாடிகள் ஒட்டப்பட்ட இடத்தில் வந்துவிட்டால் துடைக்கவும் வழியில்லை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது நித்தியக் கவலை. இருட்டு, ஈரம், அசையாத காற்று மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தோல் உறைக்குள் போட்டுப் பீரோவில் பூட்டுவதைப்போல மோசமான பாதுகாப்பு இல்லை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி. 40-லிருந்து 50 சதவீதம் காட்டினால் நிம்மதி. நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். சேகரிப்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு: இருபது லென்ஸ் வைத்திருப்பார்கள், பதினெட்டு வெளிச்சம் பார்த்தே பல மாதம் ஆகியிருக்கும். ஒன்றிரண்டு வைத்துக்கொண்டு தினமும் எடுப்பவரின் கண்ணாடிதான் சுத்தமாக இருக்கிறது.

ஆசை வளர்ந்து அடுத்ததாக பென்டாக்ஸ் சூப்பர் டாகுமர் 50 எஃப் 1.4 பக்கம் போனால், அது மஞ்சளாக இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஏழு கண்ணாடிகள் கொண்ட வகையில், ஒளியை நன்றாக வளைத்தும் நிறங்களை அதிகம் பிரிக்காமல் இருக்கவும் தோரியம் கலந்த கண்ணாடியைச் சேர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சு பல வருடங்களில் அந்தக் கண்ணாடிக்கே மஞ்சள் ஏற்றிவிடுகிறது. சாதாரணமாகப் படமெடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பிரித்துத் தேய்க்கவோ அரைக்கவோ கூடாது, தூள் உடம்புக்குள் போகக் கூடாது. மஞ்சளை நீக்கப் புறஊதா ஒளி போதும். புறஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாட்கள், அல்லது ஜன்னல் வெயிலில் சில வாரங்கள். வெயிலில் வைப்பதானால் பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள். மறந்தால் அதே லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரைச்சீலையில் தீ வைத்துவிடும்.