பாட்டைக் கேட்கிறோமா, பெட்டியைக் கேட்கிறோமா? தீராத ஒலிச்சாதன மோகம்

தோட்டத்து லயங்களில் வளர்ந்த மூத்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். வரிசைக்கு ஒரு வீட்டில்தான் வானொலிப் பெட்டி இருக்கும். தமிழ்ப் பாடல் ஒலிபரப்பாகும் நேரம் பார்த்து அக்கம்பக்கத்தார் அந்த வீட்டு வாசலில் கூடிவிடுவார்கள். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் 1949-இல் தொடங்கிய ரெடிஃபியூஷன், கம்பி வழியே வீட்டுக்குள் பாட்டைக் கொண்டுவந்தது. பின்னர் கேசட் வந்தது. அதன்பின் குறுந்தட்டு, மினி கொம்போ என்று வரவேற்பறையின் தோற்றமே மாறியது.

இன்று கைப்பேசியிலேயே பல்லாயிரம் பாடல்கள் கிடைக்கின்றன. புளூடூத் ஸ்பீக்கர், சவுண்ட்பார், ஹோம் தியேட்டர், கரோக்கே செட் எனச் சாதனங்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் “இன்னும் கொஞ்சம் நல்ல செட் வாங்கினால் தேவலை” என்ற எண்ணம் மட்டும் பலரை விடுவதில்லை. புதியது வந்த மூன்றாம் மாதமே அடுத்ததைத் தேடத் தொடங்கும் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? கொடுக்கும் பணத்துக்கு உண்மையிலேயே காதுக்குப் பலன் கிடைக்கிறதா?

ஒன்று வாங்கினால் இன்னொன்று

எடுத்துக்காட்டாக, ஒரு தாமான் வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தீபாவளி போனசில் 600 வெள்ளிக்கு ஒரு சவுண்ட்பார் வாங்குகிறார் குடும்பத் தலைவர். பேஸ் போதவில்லை என்று சப்-ஊஃபர் சேர்க்கிறார். சப்-ஊஃபர் வந்ததும் சவுண்ட்பார் மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றுகிறது. அதைக் கொடுத்துவிட்டு ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்குகிறார். நல்ல ஸ்பீக்கருக்குச் சாதாரண வயர் போதாது என்று கடைக்காரர் சொல்ல, தனி வயரும் வீட்டுக்கு வருகிறது. “என்னங்க, போன மாசம் கேட்டதுக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே” என்கிறார் மனைவி. அதற்குள் ஐயாயிரம் வெள்ளி போயிருக்கிறது.

இது நம் காலத்து நோய் மட்டுமன்று. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் டெனிஸ் டிடரோ, தமக்குக் கிடைத்த அழகிய சிவப்பு அங்கியைப் பற்றி 1769-இல் ஒரு கட்டுரை எழுதினார். புதிய அங்கியின் பக்கத்தில் பழைய நாற்காலியும் மேசையும் மங்கிப்போனதாகத் தோன்ற, ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் பழைய அங்கியை இழந்ததற்காக வருந்தினார் அவர். ஒரு புதுப்பொருள் மற்றப் பொருள்களையெல்லாம் பழசாக்கும் இந்தப் போக்குக்கு, ஆய்வாளர் கிராண்ட் மெக்கிராக்கன் 1988-இல் ‘டிடரோ விளைவு’ என்று பெயரிட்டார். ஒலிச்சாதனம் பல பாகங்கள் சேர்ந்த தொகுதி என்பதால், இந்த விளைவுக்கு அது தக்க இடம். எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பாகம் மற்றவற்றைவிடக் குறைந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, காதும் மனமும் எதற்கும் விரைவில் பழகிவிடும். முதல் நாள் சிலிர்க்க வைத்த ஒலி, நூறாவது நாள் வழக்கமான ஒலியாகிவிடும். ஒலியின் தரம் குறையவில்லை. கேட்பவர் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டு மடங்கு வாட், எத்தனை மடங்கு ஒலி?

கடையில் முதலில் கண்ணில் படுவது வாட் கணக்கு. 50 வாட் ஆம்ப்ளிஃபயரைவிட 100 வாட் இருமடங்கு சத்தமாக ஒலிக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வாட் இருமடங்கானால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும் சிறு உயர்வு அது. ஒலி இருமடங்காகக் காதில் உறைக்க வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதாவது 50 வாட் 500 வாட் ஆக வேண்டும்.

வீட்டில் வழக்கமான அளவில் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான ஸ்பீக்கர்கள் ஓரிரு வாட் அளவே பயன்படுத்துகின்றன. பெட்டியின்மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் ‘பி.எம்.பி.ஓ’ வாட் என்பது நொடிப்பொழுதின் உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது. ஒப்பிட வேண்டுமானால் ‘ஆர்.எம்.எஸ்’ வாட் எண்ணைப் பார்ப்பதே முறை.

வயர் விவகாரமும் இப்படித்தான். சில மீட்டர் தூரத்துக்குப் போதுமான தடிப்புள்ள சாதாரணச் செம்பு வயரே வேலையைச் செய்துவிடும்.

அறையும் ஒரு கருவி

பலரும் கவனிக்காத பாகம் ஒன்று உண்டு. அது வீட்டின் வரவேற்பறை. சிமெண்டுச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடிக் கதவு ஆகியவை ஒலியைத் திருப்பி அடிக்கும். ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியோடு இந்த எதிரொலிகளும் கலப்பதால் பாடல் வரிகள் தெளிவிழக்கும். பாய், தடித்த திரைச்சீலை, துணி சோபா, புத்தகங்கள் நிறைந்த அலமாரி ஆகியவை இதைப் பெருமளவு குறைக்கும்.

பேஸ் ஒலியின் கதை இன்னும் விந்தையானது. 40 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 மீட்டர். அதில் பாதியான 4.3 மீட்டர் நீளமுள்ள அறையில் அந்த ஒலி சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும். சுவரோரம் உட்கார்ந்தால் முழங்கும். நடு அறையில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பேஸ் இல்லை என்று புதிய சப்-ஊஃபர் தேடுபவர், சோபாவை ஓர் அடி நகர்த்திப் பார்த்தாலே மாற்றம் தெரியலாம். மூலையில் வைத்த ஸ்பீக்கர் ‘கும் கும்’ என்று அதிர்ந்தால், அதைச் சுவரிலிருந்து சற்று முன்னே இழுத்து வைக்கலாம். இரு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். சிறிய ‘டுவீட்டர்’ காது மட்டத்தில் இருப்பது நல்லது. இவை எதற்கும் காசு தேவையில்லை.

பாட்டும் காதும்

பெட்டி எவ்வளவு உயர்ந்ததானாலும் பாடல் பதிவில் இல்லாததை அதனால் தர முடியாது. 1950, 60-களின் தமிழ்த் திரைப்பாடல்கள் ‘மோனோ’ முறையில் பதிவானவை. சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட, இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ (1978) தமிழில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. அதற்கு முந்திய பாடல்களை எட்டு ஸ்பீக்கர்களில் கேட்டாலும் எட்டிலும் ஒலிப்பது அந்த ஒரே தடம்தான்.

காதுக்கும் எல்லை உண்டு. இளவயதில் மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற உச்ச ஒலிகள் முதலில் மங்கும். செம்பனை ஆலையிலோ தொழிற்சாலையிலோ இரைச்சலுக்கு நடுவே பல ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கலாம். வாழ்நாள் கனவாக ஐம்பது வயதில் விலையுயர்ந்த செட் வாங்கும்போது, அதன் மிக நுண்ணிய ஒலிகளைக் கேட்கும் திறன் ஏற்கெனவே குறைந்திருக்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குமேல் கேட்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அந்த அளவைக் கடந்து வாட்டைக் கூட்டுவது, எதைக் கொண்டு ரசிக்கிறோமோ அதையே கெடுத்துக்கொள்வதாகும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

நல்ல ஒலியை விரும்புவதில் தவறு ஏதுமில்லை. வீட்டில் பாட்டு ஒலிப்பது ஒரு மகிழ்ச்சி. பிள்ளைகள் கூடிக் கரோக்கே பாடுவதும் அப்படியே. சிக்கல் பணத்தின் ஊற்றுக்கண்ணில் இருக்கிறது. ‘இப்போது வாங்கி, பிறகு செலுத்து’ தவணையில் மாதம் நூறு, நூற்றைம்பது வெள்ளி பெரிதாகத் தெரியாது. முதல் செட்டின் தவணை முடியுமுன் இரண்டாவது தவணை தொடங்கும்போதுதான் பாரம் தெரியும். விற்கப் போனாலோ, வாங்கிய விலையில் ஒரு பகுதிதான் கைக்கு வரும்.

2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதிச் சந்தாவில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கில் சேர்கிறது. அவசரத்துக்கென ஏற்பட்ட அந்த வசதி ஸ்பீக்கராக மாறினால், உண்மையான அவசரத்தின்போது கணக்கு காலியாக இருக்கும். தவணைக் கடன் கைமீறிப் போனவர்களுக்கு, 2006 முதல் செயல்பட்டுவரும் ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனம் இலவச ஆலோசனை வழங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

வாங்கும் முன்

புதியதைத் தேடிப் போகுமுன் வீட்டிலேயே சிலவற்றைச் செய்து பார்க்கலாம். முதலில் ஸ்பீக்கரின் இடத்தை மாற்றி ஒரு வாரம் கேட்கலாம். பழைய ஸ்பீக்கர் கரகரத்தால், கூம்பின் விளிம்பில் உள்ள ஃபோம் வளையத்தைத் தொட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது பல ஆண்டுகளில் பொடியாக உதிர்ந்துவிடும். பழுதுபார்க்கும் கடையில் அந்த வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் இரு செட்டுகளை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். சற்றே சத்தமாக ஒலிப்பதைத்தான் காது ‘நல்லது’ என்று எண்ணும். நன்கு பழகிய ஒரே பாட்டை இரண்டிலும் போடச் சொல்லி, எது ஒலிக்கிறது என்று பார்க்காமல் கேட்பது நல்லது. வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த விலை வித்தியாசத்துக்கும் பொருளில்லை.

இணைவீட்டில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. பேஸ் ஒலி சுவரை எளிதில் கடக்கும். நம் வீட்டில் முழங்குவது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தூக்கத்தையும் கலைக்கும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள் பெரியோர். லயத்து வாசலில் கூடிக் கேட்டவர்களின் வானொலியில் பேஸும் இல்லை, ஸ்டீரியோவும் இல்லை. இருந்தும் அன்று கேட்ட பாடல்களை அவர்கள் இன்றும் வரி தவறாமல் பாடுகிறார்கள். அடுத்த செட்டுக்கு முன்பணம் கட்டுமுன், கையில் இருக்கும் செட்டில் கடைசியாக ஒரு பாட்டை முழுமையாக உட்கார்ந்து கேட்டது எப்போது என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.